கற்பிக்காததைத் தேர்வில் கேட்கலாமா? பள்ளி இறுதித் தேர்வும் அமெரிக்க நீதிமன்றங்களும்

பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்குப் போய், எல்லாப் பாடங்களிலும் தேறிய ஒரு மாணவர், மாநிலம் நடத்தும் ஒரே ஒரு தேர்வில் தவறிவிடுகிறார். அதற்காக அவர் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை என்று அரசு சொல்லலாமா? சொல்லலாம் என்றால் எந்த நிபந்தனையில்? அமெரிக்க நீதிமன்றங்கள் 1970களின் இறுதியிலிருந்து இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகின்றன. தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கொள்கை அளவில் மாணவர் பக்கமும், விளைவு அளவில் பெரும்பாலும் மாநிலத்தின் பக்கமும் அவை சாய்ந்திருப்பது தெரிகிறது. அந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

முதலில் ஒரு விளக்கம். நாம் அறிந்த பொதுத்தேர்வு முறை அமெரிக்காவில் நாடு தழுவியதாக இருந்ததே இல்லை. உயர்நிலைப் பள்ளி டிப்ளமோவை வழங்குவது அந்தந்த ஊரின் பள்ளி மாவட்டம். மதிப்பெண் போடுவது பாடம் நடத்திய ஆசிரியர். நியூயார்க்கின் ரீஜென்ட்ஸ் தேர்வுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியவை என்றாலும் அவை விதிவிலக்கு. மற்ற மாநிலங்களில் டிப்ளமோவுக்கும் மாநிலத் தேர்வுக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் 1970களின் பிற்பகுதியில்தான் பரவியது.

எழுதப் படிக்கத் தெரியாத பட்டதாரி

அந்த முடிச்சு விழுந்த காலச்சூழலைக் காட்ட ஒரு வழக்கு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ அரசுப் பள்ளியில் படித்து டிப்ளமோவும் பெற்ற ஓர் இளைஞரின் வாசிப்புத் திறன் ஐந்தாம் வகுப்பு அளவில்தான் இருந்தது. தனக்குச் சரியாகக் கற்பிக்காமல் வகுப்பு வகுப்பாக ஏற்றிவிட்டதற்குப் பள்ளி மாவட்டம் நட்டஈடு தர வேண்டும் என்று அவர் கேட்டார். பீட்டர் டபிள்யூ. என்ற புனைபெயரில் நடந்த அந்த வழக்கை 1976இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எது சரியான கற்பித்தல் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இல்லை, ஒரு பிள்ளை கற்காமல் போவதற்குப் பள்ளிக்கு வெளியேயும் காரணங்கள் ஏராளம், இவற்றையெல்லாம் வழக்காடினால் பள்ளிகள் தாங்காது என்பது அதன் வாதம்.

டிப்ளமோ வெறும் காகிதமாகிவிட்டது என்ற கவலை அப்போது நாடெங்கும் இருந்தது. முதலாளிகள் சொன்னார்கள், பெற்றோர் சொன்னார்கள், சட்டமன்றங்கள் கேட்டுக்கொண்டன. ‘குறைந்தபட்சத் திறன் தேர்வு’ என்ற இயக்கம் அந்தக் கவலையில் பிறந்தது. கவலை நியாயமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளி கற்பிக்கத் தவறியதற்குப் பள்ளியைக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொன்ன அதே காலத்தில், கற்காமல் போனதற்கு மாணவரைப் பொறுப்பாக்கும் ஏற்பாட்டைச் சட்டமன்றங்கள் கொண்டுவந்தன. பின்னால் வந்த எல்லா வழக்குகளுக்கும் அடியில் இந்த ஒருபக்கச் சுமைதான் கிடக்கிறது.

ஃபுளோரிடா: டெப்ரா பி. வழக்கு

ஃபுளோரிடா 1976இல் கல்விப் பொறுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1978இல் அதைத் திருத்தி, அன்றாட வாழ்வுக்கு வேண்டிய எழுத்தறிவையும் கணக்கறிவையும் சோதிக்கும் தேர்வில் தேறினால்தான் டிப்ளமோ என்றது. விதிக்கு முதலில் உட்பட்டவர்கள் 1979இல் பள்ளி முடிக்க வேண்டியவர்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசமே அவர்களுக்குக் கிடைத்தது. 1977 இலையுதிர் காலத்தில் நடந்த முதல் தேர்வில் கறுப்பின மாணவர்களில் 78 விழுக்காட்டினர் தவறினர். வெள்ளையரில் தவறியவர்கள் 25 விழுக்காடு. மூன்று முறை எழுதிய பிறகும் கறுப்பின மாணவர்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினரும் வெள்ளையரில் 1.9 விழுக்காட்டினரும் தேறவில்லை.

தேர்வை எதிர்த்து மாணவர்கள் தொடுத்த டெப்ரா பி. வழக்கு கூட்டரசு மாவட்ட நீதிபதி ஜார்ஜ் கார் முன் வந்தது. 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அவர் இரண்டு தவறுகளைக் கண்டார். போதிய முன்னறிவிப்பு இல்லாததால் அரசமைப்பின் 14ஆம் திருத்தம் உறுதியளிக்கும் உரிய சட்ட நடைமுறை மீறப்பட்டது என்பது ஒன்று. அந்தக் கறுப்பின மாணவர்கள் தங்கள் பள்ளி வாழ்வின் முதல் ஆண்டுகளை இனவாரியாகப் பிரிக்கப்பட்ட, வசதி குறைந்த பள்ளிகளில் கழித்தவர்கள், அந்தப் பழைய அநீதியின் விளைவை இந்தத் தேர்வு அவர்கள்மேல் நிலைநிறுத்துகிறது என்பது மற்றொன்று. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றிணைந்த பள்ளியில் படித்த தலைமுறை வெளிவரும் 1982–83 கல்வி ஆண்டு வரை தேர்வைக் காரணம் காட்டி டிப்ளமோவை மறுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்.

டிப்ளமோவைச் சட்டம் ஒரு சொத்தாக எப்படிப் பார்க்கிறது என்பதும் இங்கே முக்கியம். பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்வதற்கு முன் மாணவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1975இல் கோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, மாநிலம் தருவதாகச் சொன்ன கல்வியில் மாணவருக்கு ஒரு சொத்துரிமை உண்டு என்பதை ஏற்றிருந்தது. பள்ளிக்குப் போய்ப் பாடங்களில் தேறியவருக்கு டிப்ளமோவை எதிர்பார்க்கும் உரிமை உண்டு என்ற வாதம் அதன் நீட்சி. கல்வி கூட்டரசு அரசமைப்பின்படி அடிப்படை உரிமை இல்லை என்று 1973இல் ரோட்ரிகஸ் வழக்கு முடிவு செய்துவிட்டதால், வழக்கறிஞர்களுக்குக் கிடைத்த உறுதியான பிடி இதுவாகவே இருந்தது.

1981இல் மேல்முறையீட்டைக் கேட்ட ஐந்தாம் வட்ட நீதிமன்றம் கார் போட்ட தடையை உறுதிசெய்ததோடு, ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. மாநிலப் பள்ளிகளில் உண்மையில் கற்பிக்கப்படாததைத் தேர்வு கேட்குமானால் அது அடிப்படையிலேயே நியாயமற்றது. கற்பித்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு மாநிலத்துடையது. அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் மாணவர் பக்கம் நின்று சொல்லப்பட்ட மிக வலுவான வாக்கியங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

நிரூபணம் எவ்வளவு வேண்டும்?

வலுவான வாக்கியத்தின் வலிமை, அதை நிறைவேற்ற என்ன சான்று கேட்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. வழக்கறிஞர் மெர்ல் மெக்ளங் அந்நாளில் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். தேர்வில் வருவது பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது வகுப்பறையில் உண்மையிலேயே நடத்தப்பட்டதா என்பது வேறு கேள்வி. பாடத்திட்டத்தில் பின்னம் இருக்கும். கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த ஆண்டில் அதை யார் நடத்தினார்கள் என்பதற்கு அந்தக் காகிதத்தில் பதில் இருக்காது.

வழக்கு மறுபடி கார் முன் வந்தபோது ஃபுளோரிடா பெரியதொரு ஆய்வை முன்வைத்தது. ஆசிரியர்களிடம் கணக்கெடுப்பு, 67 பள்ளி மாவட்டங்களின் அறிக்கைகள், நேரில் போய்ப் பார்த்தவர்களின் குறிப்புகள், உங்களுக்கு இது நடத்தப்பட்டதா என்று மாணவர்களையே கேட்ட படிவங்கள். ஆசிரியர் தான் நடத்தியதாகச் சொல்வது சுயவாக்குமூலம்தானே, நடத்தவில்லை என்று யார் எழுதிக் கொடுப்பார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1983இல் கார் அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை. ஒவ்வொரு மாணவரின் ஒவ்வொரு வகுப்பையும் நிரூபிக்கச் சொன்னால் எந்த மாநிலத்தாலும் முடியாது, திறன்கள் பாடத்திட்டத்தில் இருந்தன, பெரும்பாலான ஆசிரியர்கள் நடத்தினார்கள், தவறியவர்களுக்கு மறுபடி கற்கவும் எழுதவும் வாய்ப்பு இருந்தது, இது போதும் என்றார். 1984இல் பதினோராம் வட்ட நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது.

நடைமுறை நோக்கில் கார் சொன்னது விளங்குகிறது. ஆனால் உரிமை தனி மாணவருக்கு, நிரூபணம் மாநில சராசரிக்கு என்று இங்கே பிரிந்துவிட்டது. சராசரியில் எல்லாம் நடத்தப்பட்டிருக்கும். நடத்தப்படாத வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளை சராசரிக்குள் மறைந்துபோகிறது. அந்தப் பிள்ளைக்காகத்தான் வழக்கே தொடுக்கப்பட்டது. 1983க்குப் பிறகு, பாடத்திட்டத்தையும் பயிற்சி வகுப்புகளையும் கோப்பில் காட்டத் தெரிந்த மாநிலத்தை இந்த வழியில் வீழ்த்துவது மிகக் கடினமாயிற்று. இதே காலத்து ஜார்ஜியாவின் டாட்னல் கவுண்டி வழக்கும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போனது.

டெக்சஸ்: ஏற்றத்தாழ்வு உண்டு, ஆனாலும்

இரண்டாவது வழி, விளைவில் தெரியும் இனப் பாகுபாடு. 1976இல் வாஷிங்டன் எதிர் டேவிஸ் வழக்குக்குப் பிறகு, பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்காமல் அரசமைப்பின் சம பாதுகாப்பு விதியை நாட முடியாது. எனவே வழக்கறிஞர்கள் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவின்கீழ் வந்த விதிமுறைகளைப் பிடித்தார்கள். அவற்றின்படி நோக்கம் தேவையில்லை, விளைவே போதும்.

டெக்சஸின் டாஸ் தேர்வை எதிர்த்து மெக்சிக அமெரிக்கர் சட்டப் பாதுகாப்பு நிதியம் 1997இல் தொடுத்த ஜி.ஐ. ஃபோரம் வழக்கு இந்த வழியின் உரைகல். பாஸ்டன் கல்லூரியின் வால்டர் ஹேனி மாணவர் தரப்பில் சாட்சியம் சொன்னார். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்ததாகக் காட்டப்பட்ட அதே ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்பில் தங்கிவிட்டவர்களும் பள்ளியை விட்டு நின்றவர்களும் எத்தனை பேர் என்று பாருங்கள் என்பது அவர் வைத்த வாதம்.

2000 ஜனவரியில் நீதிபதி எட்வர்ட் பிராடோ தந்த தீர்ப்பு நேர்மையான ஒரு தடுமாற்றத்தைக் காட்டுகிறது. கறுப்பினத்தவரும் மெக்சிக வம்சாவளியினரும் வெள்ளையரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகத் தவறுகிறார்கள் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் பத்தாம் வகுப்பில் தொடங்கிப் பள்ளி முடிவதற்குள் குறைந்தது எட்டு முறை எழுதலாம், தவறியவருக்குப் பயிற்சி கட்டாயம், மாணவரையும் ஆசிரியரையும் பள்ளியையும் ஊக்குவிக்கும் கல்வித் தேவை தேர்வுக்கு உண்டு, அதே பலனைத் தரும் மாற்று வழியை எதிர்த்தரப்பு காட்டவில்லை என்று முடித்தார். தேர்வு இருப்பதால்தான் ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிகிறது என்ற மாநிலத்தின் வாதத்துக்கும் அந்தத் தீர்ப்பில் எடை கிடைத்தது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. என்றாலும் குறையைக் கண்டுபிடிக்கத் தேர்வு வேண்டும் என்பதிலிருந்து, தவறியவரின் டிப்ளமோவைப் பறிக்க வேண்டும் என்பது தானாக வந்துவிடாது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நியாயம் தேவை. அந்த இடத்தைத் தீர்ப்பு விரைந்து கடந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

அடுத்த ஆண்டே அலெக்சாண்டர் எதிர் சாண்டோவல் வழக்கில் உச்ச நீதிமன்றம், விளைவை மட்டும் வைத்து ஆறாம் பிரிவு விதிமுறைகளின்கீழ் தனிநபர் வழக்குத் தொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

மாற்றுத்திறன் மாணவர்கள்

இந்தப் பிரிவில் மாணவர்களுக்குக் கிடைத்த வெற்றிகள் ஒப்பளவில் அதிகம். இல்லினாயின் பியோரியா மாவட்டத்தில், தனிக் கல்வித் திட்டத்தின்படி படித்த மாணவர்களுக்கு ஒன்றரை ஆண்டு முன்னறிவிப்பு போதாது என்று 1983இல் ஏழாம் வட்ட நீதிமன்றம் கூறியது. அவர்களது தனித்திட்டங்கள் தேர்வுக்கான பாடங்களை உள்ளடக்கியிருக்கவில்லை. ஆனால் தேர்வையே நீக்கச் சொல்லும் கோரிக்கையை அது ஏற்கவில்லை. இந்தியானாவில் 2001இல், போதிய ஆண்டுகள் முன்னரே சொல்லப்பட்டது என்ற காரணத்தால் மாணவர்கள் தோற்றார்கள்.

கலிஃபோர்னியாவில் 2002இல் விவாதம் கால்குலேட்டர் அளவுக்கு நுணுக்கமானது. கணக்குத் தேர்வில் கால்குலேட்டர் தந்தால் அது குறைபாட்டை ஈடுசெய்யும் உதவியா, சோதிக்க வந்த திறனையே மாற்றிவிடும் சலுகையா? வாசிக்கத் தெரியுமா என்று பார்க்கும் தேர்வில் பத்தியை உரக்கப் படித்துக் காட்டலாமா? இதற்கு ஒரே விடை இல்லை. எந்தத் திறனைச் சோதிக்கிறோம் என்பதை மாநிலம் எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்பதைப் பொறுத்தே நீதிமன்றங்கள் நகர்ந்தன.

மே 12, மே 24

கலிஃபோர்னியாவின் இறுதித் தேர்வுச் சட்டம் 1999இல் வந்தது. அதைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த செனட்டர் ஜாக் ஓகானல்தான் பிறகு மாநிலக் கல்விக் கண்காணிப்பாளராகி, வழக்கில் பிரதிவாதியும் ஆனார். 2004இல் நடைமுறைக்கு வரவிருந்த விதி 2006க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆங்கிலம் பத்தாம் வகுப்புத் தரத்தில், கணக்கு ஏறக்குறைய எட்டாம் வகுப்பும் தொடக்க இயற்கணிதமும். மேலோட்டமாகப் பார்த்தால் கடினமில்லை. ஆனால் 2006 வசந்தத்தில் ஏறத்தாழ 47,000 மாணவர்கள் தேறியிருக்கவில்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களும் ஏழைகளும் அவர்களில் மிகுதி.

மே 12 அன்று அலமேடா கவுண்டி நீதிபதி ராபர்ட் ஃப்ரீட்மன், தகுதிபெற்ற ஆசிரியர்கள் போன்ற வசதிகள் மாணவர்களிடையே சமமாகப் பங்கிடப்படாத நிலையில் டிப்ளமோவை மறுக்கக் கூடாது என்று தடையாணை தந்தார். பள்ளிகளில் பட்டமளிப்பு விழாவுக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு நாள் கழித்து, மே 24 அன்று, மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையாணையை நிறுத்திவைத்தது. விழாக்கள் நடந்து முடிந்த பிறகு, ஆகஸ்ட் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணையை நீக்கியது. அது தந்த காரணம் கவனிக்கத்தக்கது. பறிபோனது சமமான கல்வி என்றால் பரிகாரமும் கல்வியாக இருக்க வேண்டும், கற்காத ஒருவர் கையில் டிப்ளமோவைத் தருவது பரிகாரமாகாது. தர்க்கம் பழுதில்லாதது. ஆனால் அந்த ஆண்டு பள்ளியை விட்டு வெளியேறிய பதினெட்டு வயதினருக்குத் தர்க்கத்தின் இரண்டாம் பாதி, அதாவது கல்வி, யாரால் எப்போது தரப்படும் என்று தீர்ப்பில் இல்லை. 2007இல் ஏற்பட்ட சமரசம்தான், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகும் இரண்டு ஆண்டு உதவி தர வேண்டும் என்ற சட்டத்துக்கு வழிவகுத்தது.

விழாமேடை பற்றியும் ஒன்று சொல்லலாம். 1992இல் டெக்சஸில், தேர்வில் தவறியவர்கள் கவுனும் தொப்பியும் அணிந்து சக மாணவர்களோடு மேடை ஏறலாமா என்ற கேள்வி இரு கூட்டரசு நீதிமன்றங்களுக்குப் போனது. கில்மரில் ஏறலாம் என்றும் ஆஸ்டினில் அந்த உரிமை இல்லை என்றும் தீர்ப்பு வந்தது. மாநிலமும் ஆண்டும் ஒன்றுதான்.

ஆய்வுகள் சொல்வது

நீதிமன்றங்கள் மாநிலத்துக்கு விட்டுக்கொடுத்ததன் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: தேர்வு இருந்தால் கற்றல் உயரும். அந்த நம்பிக்கையைப் பின்னாள் ஆய்வுகள் பெரிதும் தாங்கவில்லை. தேசிய ஆய்வுக் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, இறுதித் தேர்வுகள் பள்ளி முடிப்போர் விழுக்காட்டைச் சுமார் இரண்டு புள்ளி குறைத்தன, கற்றல் நிலையை உயர்த்தியதற்குச் சான்றில்லை என்று மதிப்பிட்டது. மாசசூசெட்ஸில் பபேயும் முர்னேனும் வில்லெட்டும் செய்த ஆய்வில், நகர்ப்புற ஏழை மாணவர்களில் கணக்குத் தேர்வில் நூலிழையில் தவறியவர்களுக்கு, நூலிழையில் தேறியவர்களைவிடப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு எட்டு விழுக்காட்டுப் புள்ளி குறைவாக இருந்தது. அவர்களுக்கு இடையே அறிவில் வேறுபாடு ஏதும் இல்லை என்றே சொல்லலாம். ஒன்றிரண்டு மதிப்பெண்ணும் தோற்றவர் என்ற முத்திரையும்தான் வேறுபாடு.

இந்த ஆய்வுகள் எல்லாத் தேர்வுகளுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. கடினமான தேர்வும் எளிதான தேர்வும் வெவ்வேறு விளைவு தரலாம். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: இந்தச் சான்றுகள் பிராடோவின் முன்னால் இருந்திருந்தால், கல்வித் தேவை என்ற வாதத்தை அவர் இன்னும் கடுமையாகச் சோதிக்க நேர்ந்திருக்கும்.

நீதிமன்றத்துக்கு வெளியே

ஒரு காலத்தில் ஏறக்குறைய பாதி மாநிலங்களில் இருந்த இந்தத் தேர்வு இப்போது மிகச் சில மாநிலங்களில்தான் எஞ்சியிருக்கிறது. அதை வீழ்த்தியவை பெரும்பாலும் வழக்குகள் அல்ல. கலிஃபோர்னியாவில் 2015 கோடையில் தேர்வு நடத்துவதற்கான ஒப்பந்தம் முடிந்ததால் ஜூலைத் தேர்வு ரத்தாக, கல்லூரியில் இடம் கிடைத்த மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் எழுதத் தேர்வே இல்லாமல் நின்றார்கள். சட்டமன்றம் அவசரச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் தேர்வு நிபந்தனையை நிறுத்திவைத்து, 2004 முதல் அந்த ஒன்றில் மட்டும் தவறியவர்களுக்குப் பின்தேதியிட்டு டிப்ளமோ வழங்கவும் வகைசெய்தது. ஜார்ஜியாவும் பழைய மாணவர்களுக்கு அப்படியே செய்தது.

மாசசூசெட்ஸ் கதை இன்னும் தெளிவானது. 1993ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து வந்த எம்காஸ் தேர்வை எதிர்த்து மாணவர்கள் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2004இல் இடைக்காலத் தடை கிடைக்காமல் திரும்பினார்கள். இருபது ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், ஆசிரியர் சங்கம் முன்னின்ற வாக்கெடுப்பில் சுமார் 59 விழுக்காட்டினர் அந்த நிபந்தனையை நீக்க வாக்களித்தார்கள். நியூயார்க்கும் ரீஜென்ட்ஸ் தேர்வைப் பட்டமளிப்பு நிபந்தனையிலிருந்து விடுவிக்க முடிவெடுத்திருக்கிறது.

முடிவாகாதவை

தேர்வு போன இடத்தில் என்ன வருகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. மாசசூசெட்ஸில் பள்ளி மாவட்டங்களே பாடத்தேர்ச்சியைச் சான்றளிக்கலாம் என்றால், வசதியுள்ள ஊரின் டிப்ளமோவுக்கும் ஏழை ஊரின் டிப்ளமோவுக்கும் இடைவெளி விரியலாம் என்று தேர்வை ஆதரித்தவர்கள் எச்சரித்தார்கள். தேர்வு இருந்தபோதும் அந்த இடைவெளி இருந்தது என்பது மறுதரப்பு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும். இன்றைய தரவுகளைக் கொண்டு முடிவு சொல்வது அவசரம்.

டெப்ரா பி. நிபந்தனையின் எல்லை எது என்பதும் தீரவில்லை. கற்பித்ததை மாநில சராசரியில் நிரூபித்தால் போதும் என்று நீதிமன்றங்கள் ஏற்றது, பள்ளிவாரியான தரவுகள் கிடைக்காத ஒரு காலத்தில். எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் தகுதிபெற்ற ஆசிரியர் இல்லை என்பதை இன்று மாநிலங்களால் திரட்ட முடியும். அத்தகைய பதிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் வந்தால் 1983ஆம் ஆண்டின் விடை நிற்குமா என்பது சோதிக்கப்படவில்லை.

அந்த நிபந்தனை தேர்வுக்கு மட்டும்தானா, டிப்ளமோவுக்கு விதிக்கப்படும் எந்தத் தகுதிக்கும் பொருந்துமா என்பது அடுத்தது. ஒரு மாநிலம் இயற்கணிதப் பாடத்தில் தேர்ச்சியைக் கட்டாயமாக்கி, அதை நடத்த ஆளில்லாத பள்ளிக்கூடங்களையும் வைத்திருந்தால், கற்பிக்காததைக் கேட்கிறாய் என்ற அதே ஆட்சேபம் எழும். கூட்டரசு நீதிமன்றங்களில் ரோட்ரிகஸ் தீர்ப்பு குறுக்கே நிற்பதால், அந்த வழக்கு பெரும்பாலும் மாநில அரசமைப்புகளின் கல்விப் பிரிவை நம்பி, மாநில நீதிமன்றங்களில்தான் வரும். கலிஃபோர்னியாவில் இருப்பதுபோல அங்கே கல்வி அடிப்படை உரிமையாக ஏற்கப்பட்டிருக்கிறதா, எந்த அளவுக்கு ஏற்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம்.